உளு இல்லாத கை

“பீரோச் சாவியக் குடும்மா” என்றார் கலந்தர் கனி.

தஸ்லிமா சாவியை நீட்டினாள். மகள் குனிந்த தலையோடு நின்றது அவரை உறுத்தியது.

கோட்டைப்பட்டினம் ஜமாத்தில் நான்கு தலைமுறையாக முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பம். இப்போது அவரே தலைவர். சென்னையிலிருந்து வரும் மாதப் பத்திரிகையில் இந்த ஊர்ப் பெண் யாரோ பெயர் போடாமல் எழுதுகிறாள். போன மாதம் எழுதியதுதான் ஊரைக் கலக்கிவிட்டது. ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் நிக்காஹ். திரைக்கு வெளியே நின்று சாட்சிகள் சம்மதம் கேட்கிறார்கள். பெண் வாய் திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் பெரியம்மா ‘சம்மதம்’ என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண்ணை யார் கேட்டார்கள் என்று முடித்திருந்தாள்.

எழுதியவள் அகப்பட்டால் அந்தக் குடும்பத்தோடு ஊர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது என்று ஜமாத் முடிவு செய்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் பள்ளிவாசலில் சத்தியம் செய்ய வேண்டும். முதல் ஆள் தலைவர்தான்.

தெருவில் எம்.ஏ. படித்தவள் தஸ்லிமா ஒருத்திதான். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். ஜமாத்தில் கூட இருந்தவர்களே ஒரு வாரமாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

புடவைகளை உதறினார். கல்லூரி நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை.

“பொய்ச் சத்தியம் பண்ணிட்டு நான் மௌத்தாகி அல்லா முன்னால நிக்க முடியாது. நீதானா அது?”

“அது என் கதை இல்ல, அத்தா. நானா ஒரு வரி எழுதுனதில்ல.”

“பெத்த புள்ளையப் போட்டு இப்புடி மெரட்டுறீங்களே” என்றாள் அவர் மனைவி ஜொஹரா பீவி. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

“நீ அங்கிட்டுத் தள்ளு. கட்டிலயும் பாத்துடுறேன்.”

“எம் படுக்கையில என்ன இருக்கப் போவுது?”

அவள் வங்கியில் கைநாட்டு வைப்பவள். சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்றதோடு படிப்பு முடிந்தது. தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இருந்தாலும் அவர் தலையணையைத் தூக்கினார்.

ஒரு நோட்டு. விரிந்திருந்த பக்கத்தில் வலமிருந்து இடமாக நெருக்கமான அரபு எழுத்துகள்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இன்னும் குளிக்கவில்லை. கைகால் முகம் கழுவி உளு செய்யாமல் ஓதும் ஏட்டைத் தொட்டுப் பழக்கமில்லை.

“இதப் போய்த் தலகாணிக்கு அடியிலயா வைக்கிறது? ஒசரத்துல வை.”

ஜொஹரா நோட்டை எடுத்து, குர்ஆன் இருந்த மாடத்தில் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. கண்டித்ததற்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். சந்தேகப்பட்டதற்கு அவருக்கும் வெட்கமாக இருந்தது.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நிமிர்ந்து நடந்தார்.

ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வீடுவரை கேட்டது. “அல்லா மேல ஆணை. எங்க வீட்டுல யாரும் எழுதல.”

ஜொஹரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாடத்திலிருந்து நோட்டை எடுத்து வந்து மகள் எதிரே உட்கார்ந்தாள்.

“அத்தா வர்றதுக்குள்ள முடிச்சிருவோம். நான் வாசிக்கிறேன், எழுதிக்க.”

அவளுடைய உம்மா காலத்துப் பெண்கள் கடிதம் எழுதிய அதே முறையில், அரபு எழுத்தில் எழுதி வைத்திருந்த தமிழை விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள்:

“போன மாசம் சொன்ன அந்தப் பதினாறு வயசுப் பொண்ணு நான்தான்.”