ஒரு சாண் தூரம்

ரோபோவின் கை இரும்புத் தகட்டை எடுக்க இறங்கும். ஒரு சாண் மேலேயே நின்று, வெறும் காற்றைக் கவ்விக்கொண்டு திரும்பும். காலையிலிருந்து இதே கூத்து.

"ஆளுங்க கிட்டப் போகவே பயப்படறாங்க சார்," என்றாள் புதிதாக வந்த சூப்பர்வைசர், வரவழைக்கப்பட்ட புரோகிராமரிடம். "மூணு வருஷம் முன்னாடி இதுல ஒருத்தருக்குக் கை போயிடுச்சாம். அந்தக் கைதான் வந்து தடுக்குதாம்."

அவர் இடக்கையால் திரையைத் தட்டினார். இன்னொரு கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு என்ன தோரணை என்று அவளுக்குத் தோன்றியது.

"நேத்து நுனியில கவ்வற கிரிப்பரை மாத்தினீங்களா?"

"ஆமா. நீளமானதைக் கழட்டிட்டுக் குட்டையானதைப் போட்டோம்."

"டூல் டேட்டாவுல அதோட நீளத்தை மாத்தல. பழைய நீளம் இன்னும் இருக்குன்னு இது நம்பிட்டிருக்கு. குட்டையைக் கழட்டி நீளத்தைப் போட்டுட்டு மறந்திருந்தா, ஒரு சாண் கூடுதலா இறங்கி நசுக்கியிருக்கும்."

எல்லோரையும் கம்பி வேலிக்கு வெளியே அனுப்பி, டேட்டாவை மாற்றி, ஆமை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். தகடு கச்சிதமாக மேலே எழுந்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பேயாவது பிசாசாவதுன்னு நான் அப்பவே சொன்னேன் சார்," என்று டீயை நீட்டினாள்.

அவரும் ஏதோ நினைப்பில் வலக்கையை நீட்டினார். அது டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. கோட்டின் வெற்றுக் கை மட்டும் காற்றில் தொங்கியது.

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்று இடக்கையால் வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு டேட்டாவை மாத்த மறந்தது நான்தான். என் மண்டைக்குள்ள இன்னும் மாத்த முடியல."