அல்லது

“என் கோடாலியைக் கொண்டுவந்து இந்த மேஜை மேல வைங்க.”

வன அலுவலகத்தில் நின்றபடியே சொன்னேன். பதினோரு வருஷம் காத்திருந்தவன் உட்கார்ந்தா கேட்பான்?

வனக்காவலர் நிமிர்ந்து பார்த்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இந்த மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறாராம். அதற்குள் மூக்கை உடைத்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். விறகுச் சீட்டு வாங்க நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். நல்லது, கேட்கட்டும்.

“வாங்க அண்ணே,” என்றார்.

“அண்ணன் தம்பி உறவெல்லாம் வேண்டாம். கோடாலி எங்கே?”

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றே அடி தள்ளி, ஒரு மரம் பட்டுப்போய் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தால் என் மரம், யாரையும் கேட்க வேண்டாம். அந்தப் பக்கம் அரசு நிலம். அங்கே ‘காய்ந்து விழுந்த மரங்களை மட்டும் விறகுக்கு வெட்டலாம்’ என்று பலகை. நான் நாலு வெட்டு போடுவதற்குள் இவர் வந்து நின்றார்.

“காய்ஞ்சிருக்கு, சரி. விழுந்திருக்கா?”

“இன்னும் பத்து வெட்டுல விழுந்துடும்!”

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கோடாலியைப் பறித்துக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஈர விறகை ஊதி ஊதி என் மனைவிக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் எதிரே வந்தால் ஓரம் மாறிவிடுவேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை வைத்து அடுப்புப் பற்றவைத்தேன். வருஷா வருஷம் ஏதோ காகிதத்தோடு என் வாசலில் வந்து நிற்பார். புதுசாக என்ன அபராதமோ என்று கதவைச் சாத்திவிடுவேன்.

போன வாரம் பலகையை மாற்றினார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மருமகளை அழைத்துப் போய் மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

“‘காய்ந்த அல்லது விழுந்த’ன்னுதான் போட்டிருக்கு மாமா. நிக்கிற மரமா இருந்தாலும் காய்ஞ்சிருந்தா வெட்டலாம். கீழே இன்னொரு வரி இருக்கு. பழைய விதியில பறிச்ச சாமானைத் திருப்பித் தரணுமாம்.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் அப்படி வந்தது!

“புது விதியைப் படிங்க,” என்றேன் காவலரிடம். “எல்லாருக்கும் கேட்கணும்.”

அவர் எழுந்து நின்று படித்தார். “காய்ந்த அல்லது விழுந்த மரங்களை...”

“நடுவுல என்னமோ சொன்னீங்களே? காது சரியாக் கேட்கல.”

“அல்லது.”

“இன்னொரு தடவை?”

“அல்லது!” என்றார் சத்தமாக.

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம். ஆச்சரியம், அவரும் சிரித்தார். தோற்றவன் வேறு என்ன செய்வான் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே போய்க் கோடாலியை எடுத்து வந்தார். பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வழவழவென்று இருந்தது.

“அரசாங்கத்து எண்ணெய்க்குக் குறைச்சல் இல்ல போல,” என்று குத்தினேன்.

“அந்த மரம் இன்னும் நிக்குது அண்ணே. உங்க வேலிப் பக்கம் சாயாமப் பார்த்து வெட்டுங்க,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எழுத்தர் பெண் பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். என் ஆயுசில் அவ்வளவு பெரிய கையெழுத்து நான் போட்டதில்லை. கோடாலியைத் தோளில் சாத்திக்கொண்டேன்.

“ஏம்மா, இந்த ‘அல்லது’வைப் போட்டது எந்த மகராசன்? மேலிடத்துல விவரம் தெரிஞ்சவங்களும் இருக்காங்க போல.”

“மேலிடத்துல தானாவா போட்டாங்க? ஒருத்தர் பதினோரு வருஷமா மனு எழுதி எழுதி வாங்கினது. அந்தக் கீழ் வரியும் அவர் கேட்டதுதான். இங்கே எல்லாரும் அவரைப் பைத்தியம்னுகூடச் சொன்னாங்க.”

“யாரும்மா அந்தப் புண்ணியவான்? கையெடுத்துக் கும்பிடணும்.”

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“அப்போ சீக்கிரம் ஓடுங்க ஐயா, சைக்கிளை எடுக்கறாரு. அந்த மனுவுல உங்க கையெழுத்து கேட்டுத்தானே வருஷா வருஷம் உங்க வாசல்ல வந்து நின்னாரு!”