விடுதியில் எல்லோரும் அழுதார்கள்

"ராத்திரி தூக்கம் வருதா?"

"எங்கக்கா வருது? தலையணை நனையற அளவுக்கு அழுவேன்."

முன்னால் வந்துபோன பெண்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். ஆய்வு மாணவிக்குப் பேனா ஓடவில்லை.

பெண்கள் மதரஸா ஒன்றின் விடுதி அது. அங்கே தங்கிப் படிக்கிற பிள்ளைகள் விடுதி வாழ்க்கையோடு எந்த அளவுக்கு ஒட்டிப் பழகியிருக்கிறார்கள் என்று அளந்து பார்க்க வந்திருந்தாள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து பதில் சொல்ல வேண்டும்; பதிலுக்கு மார்க் உண்டு.

சுவரோரம், பெட்டியை அணைத்தபடி, புதிதாகச் சேர்ந்த சின்னவள். வந்த நாளிலிருந்து ஒரே அழுகையாம். சாயங்காலம் அத்தா வந்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறார். கேள்வி என்றதும் மிரண்டவளை, "சும்மா உட்கார்ந்து மத்தவங்க சொல்றதைக் கேளு" என்று ஆய்வு மாணவிதான் உட்கார வைத்திருந்தாள்.

"சாப்பாடு பிடிக்குதா?"

"தொண்டையிலயே இறங்காதுக்கா."

சொன்னவள் கொழுகொழுவென்று இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே வார்டன் மறுபடியும் நடந்து போனார். ஒட்டுக் கேட்கிறாரோ?

ஆய்வு மாணவி விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"பிள்ளைங்க யாரும் தூங்கறதே இல்லையாமே மேடம்?"

"யாரு, இவளுங்களா? காலைத் தொழுகைக்கு எழுப்பறதுக்குள்ள எனக்கு உசிரு போயி உசிரு வருது!"

"அப்படின்னா எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றாங்களா? இங்க என்ன நடக்குதுன்னு நாளைக்கே நிர்வாகத்துக்கு எழுதப் போறேன்."

"அல்லாவே! நான் என்னம்மா பண்ணேன்?" வார்டனுக்கு வாய் குழறியது.

மாட்டிக்கொண்ட முழி என்று ஆய்வு மாணவி முடிவு கட்டிவிட்டாள்.

வராந்தா முனையில், தலையணை நனைத்தவர்கள் எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவளை, 'நெட்டை' என்று மற்றவர்கள் கூப்பிடுகிறவளை, தனியே அழைத்தாள்.

"பயப்படாம சொல்லு. வார்டன் சொல்லிக் குடுத்ததுதானே?"

"ஐயோ, அவங்க பாவம்க்கா! நாங்களா பேசி வச்சுக்கிட்டதுதான்."

"எதுக்கு?"

நெட்டை அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சேர்ந்த புதுசுல நாங்களும் அழுதோம்னு சொன்னா சின்னவ நம்பறதே இல்லக்கா. தான் மட்டும்தான் அழுமூஞ்சின்னு வெட்கப்பட்டுக்கிட்டுக் கிளம்பறா. அதான், நாங்க இப்பவும் அழறோம்னு அவ காதுல விழற மாதிரி சொன்னோம். எங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் மார்க்கைக் குறைச்சுக்கோங்க. அவ போகாம இருந்தா போதும்."