கடைசி நாற்காலியை ஏலம் எடுத்தவர்

"யோவ், பணம் கட்ட வக்கில்லன்னா எதுக்குய்யா ஏலம் கேட்ட?"

அழகு நிலையத்தில் மிஞ்சியிருந்த ஒரே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரெஜினா போனில் கத்தினாள். இணைய ஏலத்தில் அதை எடுத்தவர் ஒரு வாரமாகப் பணம் கட்டவில்லை. அவருக்கு அடுத்ததாகக் கேட்டிருந்த பெண்ணோ வேறு நாற்காலி வாங்கிவிட்டாள். இன்று மாலைக்குள் கடையைக் காலி செய்யாவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது.

"திட்டுங்கம்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"வெட்கமா இல்ல உனக்கு?"

அவள் காலால் தரையை உதைத்தாள். நாற்காலி சுழன்றது. கண்ணாடிகளைக் கழற்றிய சுவரில் வெளிறிய சதுரங்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின.

"போன மாசம் ஒரு மீன்தொட்டி எடுத்தேன். அதுக்கு முன்னாடி தொட்டில். எதுக்கும் பணம் கட்டல," என்றார் அவர், ஊர்க்கதை பேசுவதைப் போல.

"என்ன வியாதிடா இது?"

"கட்டிட்டா பொருள் வந்து இறங்கிடும். அதுக்கப்புறம் யாரும்மா கூப்பிடுறாங்க?"

ரெஜினா இன்னும் பலமாக உதைத்தாள். அந்தக் கடைச் சுவர்கள் அதுவரை கேட்டிராத சொற்கள் அவள் வாயிலிருந்து வந்தன. அவர் ஒவ்வொன்றுக்கும் 'உம்' கொட்டினார். அவள் மூச்சு வாங்கியபோது நாற்காலியும் மெல்ல நின்றது.

"உன் நம்பர ப்ளாக் பண்ணப் போறேன்."

"பண்ணிக்குங்க. இவ்வளவு நேரம் யோவ், டேய்னுதான் திட்டினீங்க. என் பேரு ஆரோக்கியநாதன். ஒரே ஒரு தடவை, பேர் சொல்லித் திட்டுங்களேன்."