எழுந்து போன நேரங்கள்

இது நான் நேரில் பார்த்ததில்லை. அக்கா சொன்னதுதான். கோபத்தில் அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும் இருக்கலாம்.

அக்கா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறாள். அவள் எழுந்தால் அடுத்த மெஷினுக்குத் துணி போகாது. அவளோ அடிக்கடி எழுந்தாள்.

"மறுபடியுமா?" என்பாராம் சூப்பர்வைசரம்மா. உடனே ஒரு சின்ன நோட்டை எடுத்து, மணி பார்த்து எழுதுவாராம். அந்தத் தையல் லைனில் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர்.

"உனக்குப் பாத்ரூம் வாசல்லயே ஒரு மெஷின் போடச் சொல்லலாம்டி" என்று பக்கத்து மெஷின்காரி சிரிப்பாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். போனால் நாலு சொட்டு. அடிவயிற்றில் உயிர் போகிற வலி. இரண்டு டாக்டர்கள் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார்கள். டெஸ்டில் கிருமியே இல்லை, இருந்தும் மாத்திரை கொடுத்தார்கள். எழுந்திருக்கக் கூடாது என்று அக்கா தண்ணீர் குடிப்பதையே விட்டாள். வலி கூடியதுதான் மிச்சம்.

ஒருநாள் சூப்பர்வைசரம்மா குனிந்து, மெதுவாக, "ஏம்மா, பீரியட்ஸ் சமயத்துலதான் இது ஜாஸ்தியா?" என்று கேட்டாராம்.

"காலர் ஒழுங்கா வருதான்னு மட்டும் பாருங்க மேடம். என் உடம்பு உங்க லைன்ல வராது."

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. நோட்டை மட்டும் திறந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போக அக்கா லீவு கேட்டபோது ஒரு தாளை நீட்டினார். எழுந்து போன தேதி, நேரம், எல்லாம் வரிசையாக.

"இதுல டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா லீவு கிடையாது."

"பாத்ரூம் போனதுக்கு டாக்டர் கையெழுத்தா?"

"கம்பெனி ரூல்."

அக்காவுக்கு மானம் போனது. புது டாக்டரம்மாவின் மேஜையில் அந்தத் தாளைப் போட்டு, "கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்" என்றாள்.

டாக்டரம்மா போடவில்லை. படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"உன் பீரியட்ஸ் தேதியெல்லாம் ஞாபகம் இருக்கா? சொல்லு."

அக்கா சொல்லச் சொல்ல, அந்தத் தேதிகளில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். மற்ற நாட்களில் நாலைந்து நேரங்கள்தான். வட்டத்துக்குள் வந்த நாட்களில் இருபதுக்கு மேல்.

"இது இன்ஃபெக்‌ஷன் மாதிரி தெரியலம்மா. ஸ்கேன் எடுத்துடலாம்."

எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு சிறுநீர்ப்பையில் வளர்ந்து, மாதாமாதம் வீங்கிப் பாடாய்ப்படுத்தியிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது அக்கா வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று நேரே சூப்பர்வைசரம்மாவிடம்தான் போனாளாம்.

"அன்னிக்கு உங்கள அப்படிப் பேசிட்டேன் மேடம். நீங்க எழுதி வைக்கலன்னா நான் இன்னமும் மாத்திரையத்தான் முழுங்கிட்டு இருப்பேன்."

"நான் ஒண்ணும் உனக்காக எழுதல. ரூல், எழுதினேன். போய் உக்காரு. ஒரு மாசத்துக் காலர் கிடக்கு."

போன வாரம் அக்காவின் மருத்துவச் சான்றிதழைக் கொடுக்க தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பாத்ரூம் நேரத்துக்கு டாக்டர் கையெழுத்து கேட்கும் விதி எங்கே இருக்கிறது என்று கிளார்க்கிடம் கேட்டேன். அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு, விதிப் புத்தகத்தையே என் பக்கம் தள்ளினார்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அப்படியொரு விதியே இல்லை.