அடுத்த பங்கு

பஸ்ஸை விட்டு இறங்கிய பாக்கியமேரி வீட்டுக்குப் போகவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொள்ளிடத்து மணலில் இறங்கினாள்.

வெயில் சாய்ந்தும் மணல் சுட்டது.

நேற்றுக் காலையில் கிளம்பியவள். திருச்சி கோர்ட்டில் தீர்ப்பை இன்றைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். ராத்திரி புத்தூரில் தங்கை வீட்டில் படுத்திருந்துவிட்டு, காலையில் மறுபடியும் கோர்ட் வாசலில் போய் நின்றாள்.

தீர்ப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் பிலோமின்ராஜை போலீஸ் வேனில் ஏற்றினார்கள். கம்பி வழியாக அவன் கேட்டது ஒன்றுதான்.

"வெள்ளரிக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

வேன் கிளம்பிவிட்டது.

எண்பத்து மூன்றின் அந்தக் கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. சீட்டுக் குலுக்கி, குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று ஊரில் மணலைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். குழி வெட்டி, எரு போட்டு, வெள்ளரி ஊன்றிக்கொள்ளலாம். காலையும் மாலையும், மணலில் தோண்டிய ஊற்றில் மொண்டு, குழி குழியாக ஊற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் கொடி சுருண்டுவிடும். காயை ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரிடம் சொல்வது? ஊற்று ஆழத்துக்குப் போயிருந்தது. தன் கொடிக்கு மொள்வதற்கே ஒவ்வொருவருக்கும் இடுப்பு விட்டுப்போனது.

அடுத்த பங்கு வெள்ளையம்மாளுக்கு விழுந்திருந்தது. சீட்டு விழுந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

காய்ந்த கொடியைத் தூரத்திலிருந்தே பார்க்க மேரிக்குத் தைரியம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். தன் பங்கின் வேலிமுள் காலில் குத்திய பிறகுதான் நிமிர்ந்தாள்.

கொடிகள் பச்சையாக இருந்தன.

ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மணல் நனைந்து கறுத்திருந்தது. முற்ற இருந்த காய்களை யாரோ பறித்து, வதங்காமல் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார்கள். இலைகளுக்கு அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சுகள்.

ஊற்றுக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் ஏறி வந்தாள். இடுப்பில் குடம். மேரியின் கடைசிக் குழியில் அதைச் சரித்து ஊற்றினாள்.

"நேத்தே வாட ஆரம்பிச்சுது. பிஞ்சு விட்டிருக்கு. பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது?" என்றாள், மேரியின் முகத்தைப் பார்க்காமல்.

மேரி குனிந்து ஈரச் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை வருசம் போட்டாங்க?"

மேரி இரண்டு விரலைக் காட்டினாள்.

வெள்ளையம்மாளின் முகத்தில் எதுவும் மாறவில்லை. காலிக் குடத்தை மணலில் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றுக்குக் குறுக்கே போகும் பாலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு என் கொடிக்கும் சேத்து நீ ஊத்திடு மேரி. நான் வரமாட்டேன்."

ஏன் என்று மேரி கேட்கவில்லை.

நாளைக்கு வெள்ளையம்மாளின் மகனுக்கு முதல் திவசம். போன கோடையில், அந்தப் பாலத்தின் மேல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவனை, தூக்கக் கலக்கத்தில் பிலோமின்ராஜ் ஓட்டி வந்த லாரி அடித்துப் போட்டது.

"சரிக்கா" என்றாள் மேரி.