குறை கேட்கும் திங்கட்கிழமை

சிறைகளை மூடி, கைதிகளை அவரவர் வீட்டில் குடும்பத்தோடு வைத்துப் பூட்டிய பிறகும் கண்காணிப்பாளர் மரகதவல்லிக்கு ஓய்வில்லை. திங்கட்கிழமைதோறும் திரையில் வீடு வீடாக எட்டிப் பார்த்து, ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

“ஏதாவது குறை இருக்கா, தங்கையா?”

“ஒண்ணும் இல்லம்மா. வீட்டுச் சாப்பாடு” என்றான் அவன்.

பின்னால் நின்ற அவன் மனைவியின் கன்னம் வீங்கியிருந்தது. குறை சொல்லும் உரிமை கைதிக்கு மட்டும்தான். மரகதவல்லி சலிப்போடு அடுத்த வீட்டுக்கு விரலை நகர்த்தினாள்.

“அம்மா, ஒரு நிமிஷம்!” என்று அந்தப் பெண் முன்னால் வந்தாள். “ஜெயில்ல ஒரு ரூம்ல ஒருத்தரையோ மூணு பேரையோதான் வைப்பீங்களாம், ரெண்டு கைதிய மட்டும் போட மாட்டீங்களாமே, இவருதான் சொன்னாரு. என்னையும் கைதின்னு எழுதிக்குங்கம்மா. அப்பவாவது பிரிச்சு வைப்பீங்கல்ல?”